ஒரே அமினோ அமிலம், வேறு வேகம்

நம் உடலில் பல செல்களின் வெளிச்சவ்வில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்றொரு புரதம் பதிந்திருக்கிறது. செல்லுக்குள் நுழையும் அந்நியப் பொருள்களை, மருந்துகள் உட்பட, வெளியே இறைத்துத் தள்ளுவது அதன் வேலை. புற்றுநோய்ச் செல்கள் மருந்துக்கு மசியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால், நெடுங்காலமாக அதை ஆராய்ந்து வருகிறார்கள். 1280 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தின் 1145ஆம் இடத்தில் ஐசோலியூசின் இருக்கிறது. மரபணுவில் அந்த இடத்துக்குரிய மூன்றெழுத்து மனிதர்களில் ஒரு சாராரிடம் ஏ-டி-சி என்றும், மற்றொரு சாராரிடம் ஏ-டி-டி என்றும் அமைந்திருக்கிறது. இரண்டும் ஐசோலியூசினையே குறிப்பதால், புரதத்தின் அமினோ அமில வரிசையில் எந்த வேறுபாடும் இல்லை. ஆயினும் 2007இல் கிம்ச்சி-சர்ஃபாட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், இந்த மாற்றம் அதே மரபணுவில் உள்ள வேறு ஓரிரு மாற்றங்களுடன் சேர்ந்து வந்தபோது, புரதத்தின் அளவு குறையாமலேயே அதன் நடத்தை மாறியது. சில மருந்துகளுக்கு அது முன்போல் எதிர்வினை காட்டவில்லை. புரதத்தின் வடிவத்தை உணரும் எதிர்ப்பொருள் அதனுடன் வேறு விதமாகப் பிணைந்தது. புரதங்களை வெட்டும் டிரிப்சின் நொதி அதை வேறு விதமாக வெட்டியது. வரிசை ஒன்றாகவே இருக்க, மடிப்பு, அதாவது அந்தச் சங்கிலி சுருண்டு வடிவம் பெறும் விதம், வேறாகியிருக்கிறது என்பதே அவர்கள் கண்ட விளக்கம்.

இந்த முடிவு ஏன் அத்தனை பேரை நிமிர்ந்து உட்கார வைத்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் நிலவிய எண்ணத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். மரபணுவின் நான்கு எழுத்துகளை மூன்று மூன்றாகச் சேர்த்தால், கோடான்கள் எனப்படும் 64 மூன்றெழுத்துகள் கிடைக்கும். அவற்றில் மூன்று, புரதம் முடிந்தது என்று அறிவிப்பவை. எஞ்சிய 61 கோடான்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. மெத்தியோனினுக்கும் டிரிப்டோஃபேனுக்கும் ஒவ்வொரு கோடான்தான்; லியூசின், செரின், ஆர்ஜினின் ஆகியவற்றுக்கோ ஆறு ஆறு. நிரென்பெர்க், கொரானா முதலியோரின் உழைப்பால் 1960களில் இந்த அட்டவணை முழுமை பெற்றபோது, ஒரே அமினோ அமிலத்துக்கான ஒருபொருள் கோடான்கள் ஒன்றுக்கொன்று முற்றிலும் ஈடானவை என்று கொள்வதே இயல்பாக இருந்தது. பரிணாம ஆய்வில் இன்றும் ஒருபொருள் மாற்றங்களைப் பெரும்பாலும் நடுநிலையானவை எனக் கொண்டு, அவற்றை அளவுகோலாக வைத்துத்தான் மற்ற மாற்றங்களின் மீது இயற்கைத் தேர்வு எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

மடிப்புப் பற்றிய எண்ணமும் அதற்குத் துணை நின்றது. கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை எடுத்து, யூரியாவில் இட்டு அதன் மடிப்பை முழுவதும் குலைத்தார். அதிலுள்ள நான்கு கந்தகப் பிணைப்புகளையும் உடைத்தார். பிறகு யூரியாவை நீக்கியபோது, 124 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலி தானாகவே பழைய வடிவத்துக்கு மீண்டு, நொதியாகச் செயல்படத் தொடங்கியது. கந்தகப் பிணைப்பை உண்டாக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதில் எட்டு; அவை இரண்டிரண்டாக இணைய 105 வழிகள் உண்டு. அவற்றில் சரியான ஒரே வழியை அந்தச் சங்கிலி கண்டுகொண்டது. வடிவத்துக்குத் தேவையான செய்தி முழுவதும் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்ற அவருடைய முடிவு 1972இல் நோபல் பரிசு பெற்றது. அது இன்றும் செல்லுபடியாகும் முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சோதனையில் முழு நீளச் சங்கிலி ஒரே நேரத்தில் மடியத் தொடங்குகிறது. செல்லில் எந்தப் புரதமும் அப்படிப் பிறப்பதில்லை.

செல்லில் புரதங்களைக் கட்டும் இயந்திரமான ரைபோசோம், மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ-வைக் கோடான் கோடானாகப் படித்துக்கொண்டே, சங்கிலியை ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி நீட்டிக்கொண்டு போகிறது. பாக்டீரியாவில் இதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 அமினோ அமிலங்கள். நம்முடையதைப் போன்ற செல்களில் ஏறத்தாழ 5. அப்படிப் பார்த்தால் பி-கிளைக்கோபுரோட்டீனின் ஒரு பிரதி உருவாகி முடிய நான்கு நிமிடங்களுக்கு மேலாகும். புரதங்களில் பரவலாகக் காணும் ஆல்ஃபா சுருள் என்ற சிறு அமைப்பு மைக்ரோநொடி அளவில் உருவாகிவிடக் கூடியது. ஒரு சிறிய புரதப் பகுதி மடிய ஒரு நொடிகூடத் தேவைப்படாமல் போகலாம். ஆகவே பின்பாதி இன்னும் எழுதப்படாத நிலையிலேயே முன்பாதி மடிந்துகொண்டிருக்கிறது. ரைபோசோமுக்குள் சங்கிலி வெளியேறும் சுரங்கவழி 80 முதல் 100 ஆங்ஸ்ட்ராம் நீளமுடையது. எந்த நேரத்திலும் கடைசியாகச் சேர்ந்த 30, 40 அமினோ அமிலங்கள் அதற்குள்ளேயே இருக்கும். சுருள் போன்ற சிறு அமைப்புகள் அந்தச் சுரங்கத்திலேயே தோன்றலாம். பெரிய மடிப்புகளுக்கு அங்கே இடமில்லை, வெளியே வந்தாக வேண்டும். எனவே ஒரு பகுதி வெளியே வந்த பிறகு, அதனுடன் சேர வாய்ப்புள்ள அடுத்த பகுதி வருவதற்குள் எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது என்பது மடிப்பின் போக்கைத் தீர்மானிக்கக் கூடியது.

அந்த அவகாசத்தைக் கோடான் எப்படி நிர்ணயிக்கிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் ஈர்க்கும் இடம். ரைபோசோமின் வாயிலில் ஒரு கோடான் வந்து நிற்கும்போது, அதற்குப் பொருந்தும் கடத்து ஆர்.என்.ஏ-வை, அதாவது கோடானுக்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் சிறு மூலக்கூறை, செல் தேடி அனுப்புவதில்லை. செல்லில் மிதக்கும் எல்லா வகைக் கடத்து ஆர்.என்.ஏ-க்களும், தத்தம் அமினோ அமிலத்தைச் சுமந்தபடி, கண்மூடித்தனமாக அந்த வாயிலில் வந்து மோதுகின்றன. பொருந்தாதவை உடனே விலகுகின்றன. ஏறக்குறையப் பொருந்துபவை சற்றே தங்கிப் பிறகு விலகுகின்றன. சரியானது வரும்போதுதான் சங்கிலி ஒரு கண்ணி நீள்கிறது. பாக்டீரியாவில் இவ்வளவும் சராசரியாக ஒரு நொடியின் பதினைந்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிறது. சரியான கடத்து ஆர்.என்.ஏ செல்லில் மிகுதியாக இருந்தால் காத்திருப்பு குறுகும். அரிதாக இருந்தால், தவறானவை பல முறை வந்து போன பிறகே அதற்கு வாய்ப்புக் கிடைக்கும். மூன்றாம் எழுத்தில் இணை கச்சிதமாகப் பொருந்துகிறதா, அல்லது 1966இல் ஃபிரான்சிஸ் கிரிக் சொன்ன, அந்த இடத்தில் சற்றுத் தளர்வான இணையையும் ஏற்கும் நெகிழ்ச்சி விதிப்படி ஒப்பேறுகிறதா என்பதும் வேகத்தைப் பாதிக்கிறது. ஆக, அமினோ அமிலத்தை மாற்றாமல் கோடானை மட்டும் மாற்றினால், சங்கிலியில் சேரும் பொருள் மாறாது. அது சேரும் நேரம் மாறும். இலக்கண வகுப்பில் வரும் 'செம்பொன்பதின்றொடி' என்ற பழைய எடுத்துக்காட்டு பலருக்கும் நினைவிருக்கும். செம்பொன் என்று நிறுத்தினால் பத்துத் தொடி (பழைய எடை அளவு) பொன். செம்பு என்று நிறுத்தினால் ஒன்பது தொடி செம்பு. எழுத்துகள் அவையேதான், நிறுத்தம்தான் வேறு. பாதி மடிந்த சங்கிலிக்கும் இடையில் விழும் நிறுத்தம் அப்படியொரு வேறுபாட்டைச் செய்யக் கூடும்.

ஒருபொருள் கோடான்கள் சமமாகப் பயன்படுத்தப்படுவதில்லை என்பது புதிய செய்தியன்று. ஒவ்வோர் உயிரினத்துக்கும் தனக்கென ஒரு விருப்பம் இருப்பதை 1980இல் கிராந்தம் சுட்டிக்காட்டினார், ஈ.கோலை பாக்டீரியாவில் அதிகம் பயன்படும் கோடான்கள், மிகுதியாக உள்ள கடத்து ஆர்.என்.ஏ-க்களுடன் ஒத்துப்போவதை 1981இல் இகேமுரா காட்டினார். பெருமளவில் உற்பத்தியாகும் புரதங்களின் மரபணுக்களில் இந்தப் போக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. இதிலிருந்து வேகமான கோடானே நல்ல கோடான், அரிதானவை பரிணாமம் இன்னும் துடைத்தெடுக்காத மிச்சங்கள் என்ற கருத்து எளிதாக வேரூன்றியது. அரிய கோடான்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட தாமதங்களாக இருக்கலாம் என்ற யோசனை 1980களிலேயே எழுந்துவிட்டது என்றாலும், அதை மெய்ப்பிப்பது எளிதாக இருக்கவில்லை.

ஏன் எளிதில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தத் துறையைப் பற்றிப் பொதுவாசகர்களுக்கு எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. ஒரு கோடானை மாற்றும்போது தூது ஆர்.என்.ஏ-வின் எழுத்தே மாறுகிறது. அதனால் அந்த ஆர்.என்.ஏ தன்மேல் தானே மடிந்துகொள்ளும் விதம் மாறலாம்; அது செல்லில் எவ்வளவு நேரம் சிதையாமல் இருக்கும் என்பது மாறலாம்; ரைபோசோம் அதில் ஏறித் தொடங்கும் வாய்ப்பே மாறலாம். 2009இல் குட்லாவும் பிறரும், பச்சை ஒளிர்புரதத்துக்கு 154 மரபணுக்களை, கோடான்கள் மட்டும் வேறுபடுமாறு உருவாக்கி ஈ.கோலையில் இட்டுப் பார்த்தார்கள். புரதத்தின் அளவு 250 மடங்குவரை வேறுபட்டது. ஆனால் அந்த வேறுபாட்டைப் பெருமளவு விளக்கியது அரிய கோடான்களின் எண்ணிக்கை அன்று. தொடக்கக் கோடானை ஒட்டிய பகுதியில் தூது ஆர்.என்.ஏ எவ்வளவு இறுக்கமாக மடிந்திருந்தது என்பதே. எனவே கோடானை மாற்றியதும் புரதம் கெட்டது, ஆகவே மடிப்பு கெட்டது என்று நேரடியாக முடிவு கட்டும் எந்த ஆய்வையும் நான் இரண்டாம் முறை படித்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு நேர்த்தியான வழி உண்டு. தூது ஆர்.என்.ஏ-வில் ஓர் எழுத்தையும் தொடாமல், கடத்து ஆர்.என்.ஏ-வின் அளவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அப்போது எழுத்தினால் விளையும் எல்லாக் குழப்பங்களும் விலகி, வேகம் மட்டுமே எஞ்சும். சோயா இக்னாட்டோவாவின் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முன்மாதிரியானது. ஈ.கோலையின் சுஃப்ஐ என்ற புரதத்தில் மெதுவான கோடான்கள் கூட்டமாக அமைந்த இடங்களில் ரைபோசோம் தயங்குவதை அவர்கள் கண்டார்கள். அந்தக் கோடான்களை வேகமானவையாக மாற்றியபோது தயக்கம் மறைந்தது. மரபணுவை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கோடான்களைப் படிக்கும் கடத்து ஆர்.என்.ஏ-வை மிகுதியாகச் சேர்த்தபோதும் தயக்கம் மறைந்தது. இரண்டு வழியிலும், வெளிவந்த புரதத்தை வெட்டும் நொதியிடம் கொடுத்தால், இயல்பான புரதத்தைப்போல் அது தாக்குப்பிடிக்கவில்லை. மடிப்பு சரியாக அமையாததன் அடையாளம் அது. மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் வேகத்தைக் கூட்டியதே கேடாக முடிந்தது.

அதே ஆய்வகத்தின் பங்களிப்புடன் 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு மனித உடலுக்கு நெருக்கமானது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுடன் தொடர்புடைய சி.எஃப்.டி.ஆர் என்ற குளோரைடு வாய்க்கால் புரதம் 1480 அமினோ அமிலங்கள் நீளமுடையது. அதன் 854ஆம் இடத்தில் திரியோனின் இருக்கிறது. அதன் கோடான் ஏ-சி-டி என்பதிலிருந்து ஏ-சி-ஜி என மாறியவர்கள் உண்டு; அமினோ அமிலம் திரியோனினேதான். ஆனால் ஏ-சி-ஜி-யைப் படிக்கும் கடத்து ஆர்.என்.ஏ மூச்சுக்குழாய்ச் செல்களில் குறைவாக உள்ளது. இந்த ஒரே மாற்றத்தால் புரதத்தின் நிலைப்புத்தன்மையும், வாய்க்காலாக அது அயனிகளைக் கடத்தும் விதமும் மாறின. அந்தக் கடத்து ஆர்.என்.ஏ-வின் அளவைச் செல்லில் உயர்த்தியதும் அவை பழைய நிலையை நோக்கித் திரும்பின. கோடானின் விளைவு வேகத்தின் வழியாகவே வருகிறது என்பதற்கு, மனிதப் புரதம் ஒன்றில் இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மடிப்பு மாறுகிறது என்பதை நேரடியாகக் காட்டிய ஆய்வுகளில், மாட்டின் கண்வில்லையில் உள்ள காமா-பி கிரிஸ்டலின் புரதத்தைக் கொண்டு 2016இல் வெளிவந்ததைக் குறிப்பிட வேண்டும். ஒரே அமினோ அமில வரிசைக்கு இரண்டு கோடான் வடிவங்களை எழுதி, இரண்டையும் ஈ.கோலையில் உற்பத்தி செய்து, காந்த ஒத்ததிர்வு முறையில் ஒப்பிட்டபோது, சிஸ்டீன்களின் நிலை இரண்டிலும் ஒன்றாக இல்லை. புரதங்கள் வெவ்வேறு வடிவங்களில் வெவ்வேறு விகிதத்தில் இருந்தன. பட்ரீசியா கிளார்க்கின் குழு 2020இல் காட்டியதோ இன்னும் நுட்பமானது. குளோராம்ஃபெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்றின் கோடான்களை அவர்கள் மாற்றினார்கள். நொதி உருவாகாமல் போகவில்லை. உருவானது வேலையும் செய்தது. ஆனால் மடியும் பாதை மாறியதால், அது மடிந்து முடிவதற்குள் செல்லின் சிதைப்பு நொதிகளுக்குக் கூடுதலாக இரையாயிற்று. விளைவாக, மருந்து கலந்த ஊடகத்தில் பாக்டீரியா மிக மெதுவாகவே வளர்ந்தது. இறுதி வடிவம் ஒன்றாகவே இருந்தாலும் அதை அடையும் வழியில் சேதம் நேரலாம் என்ற இந்தக் கருத்து, எனக்குத் தோன்றுகிறபடி, ஆன்ஃபின்சனின் முடிவை மறுக்கவில்லை. அந்த முடிவு சொல்லாமல் விட்ட காலப் பரிமாணத்தை அதனுடன் சேர்க்கிறது.

நியூரோஸ்போரா என்ற பூஞ்சையின் கதையும் இதை ஒட்டியதே. பகல் இரவுக்கேற்ற அதன் உயிர்க்கடிகாரத்தை நடத்தும் எஃப்.ஆர்.கியூ புரதத்தின் மரபணுவில், அந்தப் பூஞ்சை பொதுவாக விரும்பாத கோடான்கள் நிறைய உண்டு. யீ லியுவின் ஆய்வகம் 2013இல் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியை விருப்பமான கோடான்களால் திருத்தி எழுதியது. எதிர்பார்த்தபடியே புரதம் மிகுதியாக உருவானது. ஆனால் கடிகாரம் ஓடவில்லை. திருத்தப்பட்ட மரபணுவிலிருந்து வந்த எஃப்.ஆர்.கியூ-வின் அமைப்பும் நிலைப்புத்தன்மையும் அதில் பாஸ்பேட் சேரும் விதமும் மாறியிருந்தன. அதே ஆண்டில் சயனோபாக்டீரியாவின் கடிகார மரபணுக்களிலும் இதுபோல் கோடான்களைத் திருத்திய ஆய்வு வெளிவந்தது. அங்கே குளிர்ந்த சூழலில் கடிகாரம் மேலும் வலுவாக ஓடியது, ஆனால் பாக்டீரியாவின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. இந்த இரண்டாவது ஆய்வு மடிப்பைவிட அளவைப் பற்றியது என்றாலும், விருப்பமற்ற கோடான்களைக் குறைபாடு என்று அழைக்க நம்மைத் தயங்க வைக்கிறது.

இவ்வளவையும் வைத்து ஒவ்வோர் ஒருபொருள் மாற்றமும் மடிப்பைக் குலைக்கும் என்று சொல்ல முடியாது. சிறிய, விரைவாக மடியும் புரதங்கள் பலவற்றுக்கு ரைபோசோமின் வேகம் ஒரு பொருட்டன்று. மடிய உதவும் துணைப்புரதங்கள் பல தவறுகளைத் திருத்திவிடுகின்றன. ஈஸ்ட்டின் 21 மரபணுக்களில் ஆயிரக்கணக்கான மாற்றங்களைச் செய்து, ஒருபொருள் மாற்றங்களில் பெரும்பாலானவை தீங்கானவை என்று 2022இல் ஓர் ஆய்வு அறிவித்தது; மறு ஆண்டே, அந்தச் சோதனையில் ஒப்பீட்டுக்கு வைத்த கட்டுப்பாடுகள் போதுமானவை அல்ல என்ற வலுவான மறுப்பு வெளிவந்தது. மறுப்பின் பக்கமே என் சாய்வு. வேகம் முக்கியமாகும் இடங்கள் உண்டு, அவை எங்கும் நிறைந்தவை அல்ல என்பதே சான்றுகள் தாங்கும் எல்லை. நீண்ட, பல பகுதிகள் கொண்ட, சவ்வில் பதியும் புரதங்களில் அவற்றை எதிர்பார்ப்பது நியாயம், பி-கிளைக்கோபுரோட்டீனும் சி.எஃப்.டி.ஆர்-உம் அந்த வகையைச் சேர்ந்தவை என்பது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன்.

மனிதப் புரதத்தையோ ஒட்டுண்ணியின் புரதத்தையோ பாக்டீரியாவில் உற்பத்தி செய்ய நினைப்பவர்களுக்கு இது நடைமுறைக் கேள்வியும் ஆகிறது. செயற்கை மரபணுவுக்கு ஆணை கொடுக்கும்போது, எல்லாக் கோடான்களையும் உற்பத்தி செய்யும் உயிரினத்துக்கு மிகவும் விருப்பமானவையாக மாற்றும் வசதி மென்பொருளில் ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. அதனால் புரதம் நிறையக் கிடைக்கலாம். கிடைப்பது கரையாத திரளாகவும் இருக்கலாம். அதற்கு மாற்றாக, மூல உயிரினத்தில் எங்கெங்கே ரைபோசோம் மெதுவாகப் போயிருக்குமோ, அங்கங்கே புதிய உயிரினத்துக்கு மெதுவான கோடானையே இட்டு, பழைய வேக ஏற்ற இறக்கத்தைக் காக்கும் ஒத்திசைவு முறை ஒன்று உண்டு. மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்களைத் தடுப்பூசி ஆய்வுக்காக ஈ.கோலையில் உற்பத்தி செய்ய அது பயன்பட்டிருக்கிறது. பெரிய புரதம் என்றால், குறிப்பாகப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பிடங்களில், இந்த முறையில் எழுதிய வடிவம் ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், புரதம் வெட்டும் நொதிக்கு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும். ஒரு நாளில் முடிந்துவிடும் எளிய சோதனை அது.

மருத்துவத்தில் சிக்கல் வேறு விதமானது. ஒரு நோயாளியின் மரபணுத் தொகுதியைப் படித்தால் ஆயிரக்கணக்கான ஒருபொருள் மாற்றங்கள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதால், காரணத்தைத் தேடும் பட்டியலிலிருந்து அவை முதலிலேயே நீக்கப்படுவது வழக்கம். பட்டியலைச் சுருக்கியே ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடத்து ஆர்.என்.ஏ-க்களின் அளவு உடலின் எல்லாத் திசுக்களிலும் ஒன்றாக இல்லை. ஆகவே ஒரே கோடான் மாற்றம் ஒரு திசுவில் கவனிக்கப்படாமலும் மற்றொன்றில் தாமதமாகவும் அமையக் கூடும். 854ஆம் திரியோனின் விஷயத்தில் முடிவைத் தந்தது மூச்சுக்குழாய்ச் செல்களில் எடுத்த கடத்து ஆர்.என்.ஏ அளவுகள்தான். நோய் வெளிப்படும் திசுவில் அந்த அளவுகளை எடுத்து, நீண்ட சவ்வுப் புரதங்களில் வரும் ஒருபொருள் மாற்றங்களையேனும் அவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நீக்கினால், பட்டியல் பெரிதாக நீண்டுவிடாது.